பர்சனல் டியூட்டர் எதற்கு? பிரிட்டனுக்குப் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் வந்தால் போதும், ஊரிலிருந்து எம்.எஸ்சி., எம்.பி.ஏ. படிக்க வரும் தம்பி தங்கைகளிடமிருந்து வாட்ஸப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். முதலில் அறை வாடகை, அப்புறம் பார்ட் டைம் வேலை. "பர்சனல் டியூட்டர்னு ஒருத்தர் மெயில் போட்டிருக்கார், பதில் அனுப்பணுமா அண்ணே?" என்பது நாலாவது ஐந்தாவதாகத்தான் வரும். ஜனவரியில் தேர்வும் அசைன்மென்ட்டும் கழுத்தை நெரிக்கும்போது அதுவே முதல் கேள்வி ஆகிவிடும். நான் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவன் அல்ல. இங்கே வந்து படித்து, தடுக்கி விழுந்து, எழுந்து முடித்தவன். விதிகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் மாணவர் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பர்சனல் டியூட்டர் என்றால் ட்யூஷன் எடுப்பவரா?

இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. அவர் உங்கள் துறையில் பாடம் நடத்தும் ஒரு விரிவுரையாளர். இருபது முப்பது மாணவர்களை அவர் பெயரில் ஒப்படைத்திருப்பார்கள். படிப்பு எப்படிப் போகிறது, எங்கே சறுக்குகிறது, வேறு ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டு, சரியான இடத்துக்கு உங்களை அனுப்பிவைப்பது அவர் வேலை. நம் ஊர்க் கல்லூரிகளில் கிளாஸ் அட்வைசர் என்றோ டியூட்டர் வார்டு முறை என்றோ ஒன்று இருக்குமே, அதற்கு அக்கா தங்கை உறவு. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அட்வைசர் கூப்பிட்டார் என்றால் அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது, அப்பாவை அழைத்து வரவேண்டும் என்று அர்த்தம். இங்கே அவர் கூப்பிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை, போய் உட்காருங்கள்.

எல்லா இடத்திலும் இதே பெயர் இருக்காது. அகாடமிக் அட்வைசர் என்பார்கள், ஸ்டூடன்ட் அட்வைசர் என்பார்கள். கேம்பிரிட்ஜில் டியூட்டர் என்பவர் உங்களுக்குப் பாடமே எடுக்கமாட்டார். நலனைப் பார்த்துக்கொள்ள அவர், படிப்புக்கு டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ் என்று தனி ஆள். ஆக்ஸ்ஃபோர்டிலோ டியூட்டர் என்றாலே பாடம் சொல்லிக்கொடுப்பவர்தான்.

மாட்யூல் லீடர், புரோகிராம் லீடர், சூப்பர்வைசர், டியூட்டர்... எதற்கு யாரிடம் போவது?

ஒரு பாடத்தில் சந்தேகம் என்றால் மாட்யூல் லீடர். பாடத்தை மாற்றவேண்டும், கால அட்டவணை இடிக்கிறது என்றால் புரோகிராம் லீடர். டிசர்டேஷன் என்கிற ஆய்வேட்டுக்கு சூப்பர்வைசர். எதற்கு யார் என்றே தெரியவில்லை என்றால் பர்சனல் டியூட்டர். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவர் இருக்கிறார்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. என் டியூட்டரின் அறையில் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர் மேசையில் இருந்தது. சளி பிடித்தவர் போல என்று நினைத்துக்கொண்டேன். அது எதிர் நாற்காலியில் உட்காருபவர்களுக்கு என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

"எப்படி இருக்கிறாய், செட்டில் ஆகிவிட்டாயா?" என்று கேட்பார். நாம் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம்: "ஃபைன்." அவரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார். இங்கேதான் நம் ஆட்கள் முதல் வாய்ப்பை நழுவவிடுகிறோம். பெரிய கஷ்டத்தைக் கொட்டச் சொல்லவில்லை. "லெக்சர் வேகமாகப் போகிறது, பாதி புரியவில்லை" என்றோ "இன்னும் வீடு கிடைக்கவில்லை, நண்பன் அறையில் ஹாலில் படுத்திருக்கிறேன்" என்றோ உண்மையில் ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். நாளைக்கு மெயில் போட்டால் முப்பதில் ஒரு பெயராகப் போகாது.

சார், மேடம் என்று கூப்பிடலாமா?

வேண்டாம். பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் மெயிலில் டாக்டர், புரொஃபசர் என்று போட்டு எழுதுங்கள். அவர் வெறும் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதினால் நீங்களும் அப்படியே எழுதலாம். ஐம்பத்தைந்து வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு திரும்ப ஒரு செமஸ்டர் ஆனது.

சரி, மெயிலில் என்ன எழுதுவது?

நாலு வரி போதும். யார் நீங்கள் (பெயர், மாணவர் எண், படிப்பு). என்ன நடந்தது. அதனால் எந்த அசைன்மென்ட் அல்லது தேர்வு பாதிக்கிறது, கடைசித் தேதி என்ன. அவரிடம் என்ன வேண்டும்: ஒரு சந்திப்பா, எங்கே விண்ணப்பிப்பது என்ற தகவலா. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை" வகையறா ஆங்கிலத்திலும் வேண்டாம். பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்புங்கள், ஜிமெயிலிலிருந்து போனால் அது நீங்கள்தானா என்று அவருக்குத் தெரியாது.

நேரில் பேசினாலும் அன்றைக்கே "இன்று பேசியதற்கு நன்றி, இன்னின்னது பேசினோம்" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இந்த நாட்டில் எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். ஆறு மாதம் கழித்து ஒரு குழுவின் முன்னால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த மெயிலும் அதிலிருக்கும் தேதியும்தான்.

வீட்டில் ஒரு இறப்பு / எனக்கு உடம்பு சரியில்லை. அசைன்மென்ட் தேதி தள்ளிப்போகுமா?

போகும், ஆனால் தானாகப் போகாது, டியூட்டர் சொன்னாலும் போகாது. அதற்கென்று ஒரு விண்ணப்பம் உண்டு. எக்ஸ்டெனுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ் என்பார்கள், சில இடங்களில் மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ். பையன்கள் பேச்சில் "ஈ.சி. ஃபார்ம்." நம் கையில் இல்லாத, எதிர்பாராத ஒன்று படிப்பைப் பாதித்தது என்று ஆதாரத்தோடு சொல்வது. ஏற்றுக்கொண்டால் கூடுதல் நாட்கள் தருவார்கள், அல்லது தேர்வை அடுத்த முறை முதல் தடவையாகவே எழுத விடுவார்கள். இருக்கிற மார்க்கைக் கூட்டிப் போடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அப்பத்தா தவறிப்போனது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு "நீ வரவேண்டாம், படி" என்று அப்பா சொல்லிவிட்டார். வீடியோ காலில்தான் எல்லாம் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாட்டி இறந்ததற்கெல்லாம் இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள், சாக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். கோர்ஸ்வொர்க்கை ஒன்பது நாள் தாமதமாகக் கொடுத்தேன். மார்க் பூஜ்யம். திரும்ப எழுதியபோது எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50-க்கு மேல் போகாது என்று வரம்பு போட்டுவிட்டார்கள். முதுகலையில் 50 என்பது வெறும் பாஸ் மார்க்.

ஜனவரியில் டியூட்டர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். அந்த டிஷ்யூ பெட்டியை அவர் மெதுவாக என் பக்கம் தள்ளினார். "அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு வாரம் கிடைத்திருக்குமே" என்றார். பிறகு பிந்திய விண்ணப்பம் எழுத உதவினார். ஆதாரம் கேட்டார்கள். வீட்டிலிருந்து வாட்ஸப்பில் வந்ததோ அப்பத்தா படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதைத்தான் ஏற்றினேன். "இது என்ன ஆவணம், ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்" என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றிதழ் வாங்கி, மொழிபெயர்த்து அனுப்பியபோது, "உரிய காலத்தில் ஏன் தெரிவிக்கவில்லை என்பதற்குப் போதிய காரணம் இல்லை" என்று நிராகரித்தார்கள். கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் விதிப்படி அவர்கள் செய்தது சரிதான்.

ஆகவே: நடந்த அன்றோ மறுநாளோ டியூட்டருக்கு ஒரு வரி. ஃபார்மை அந்தக் காலக்கெடுவுக்குள் போட்டுவிட்டு, "ஆதாரம் பின்னால் வரும்" என்று எழுதலாம், பொதுவாக அனுமதிப்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் சில நாள் நீட்டிப்புக்கு ஆதாரமே கேட்கமாட்டார்கள், நீங்களே உறுதி சொன்னால் போதும். வருடத்துக்கு இத்தனை தடவைதான் என்று கணக்கு இருக்கும்.

காய்ச்சலோடு தேர்வு எழுதிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாமா?

பல இடங்களில் முடியாது. தேர்வு அறையில் உட்கார்ந்தாலே "நான் எழுதும் நிலையில் இருக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். எப்படியாவது எழுதித் தள்ளிவிடலாம் என்கிற நம் ஊர்ப் பிடிவாதம் இங்கே எதிராகத்தான் வேலை செய்யும்.

டியூட்டரிடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமா? மார்க்கில் கை வைப்பாரா?

மார்க்: பெரும்பாலான எழுத்துத் தேர்வுகளும் அசைன்மென்ட்டுகளும் பெயர் மறைத்து எண்ணை வைத்துத்தான் திருத்தப்படுகின்றன. இரண்டாவது ஆள் ஒருவரும் மாதிரிக்குச் சில தாள்களைப் பார்ப்பார். கவலைப்படவேண்டாம்.

ரகசியம்: சொன்னதை அவர் ஊரெல்லாம் பேசமாட்டார். ஆனால் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பது போலவும் இல்லை. உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் நலப் பிரிவுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பேசத் தொடங்கும் முன்பே "இதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடலாம். அது மரியாதைக் குறைவு இல்லை.

மனசு சரியில்லை. தூக்கம் வருவதில்லை, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை. இதையெல்லாமா போய்ச் சொல்வது?

இதைத்தான் சொல்லவேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அறையில் தனியாக நூடுல்ஸ். ஊரில் கூட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். டியூட்டர் மனநல மருத்துவர் இல்லை, அப்படி நடிக்கவும் மாட்டார். பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் பிரிவுக்கு வழி காட்டுவார். கட்டணம் இல்லை. ஆனால் நாலு முதல் ஆறு அமர்வுகள்தான் பொதுவாகக் கிடைக்கும், வரிசையும் இருக்கும். அதனால் அதை மட்டும் நம்பாமல் ஜி.பி. என்கிற உள்ளூர் டாக்டரிடமும் பதிந்துகொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோது வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டினீர்களே, அது இதற்குத்தான். டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணம் இல்லை. இங்கிலாந்தில் மருந்துக்கு மட்டும் ஒன்றுக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் மனசைச் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், என்.எச்.எஸ். என்கிற அரசு சுகாதாரச் சேவை இலவசமாக ஏற்பாடு செய்யும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியவில்லை என்றால் டியூட்டருக்கு மெயில் போட்டுக் காத்திருக்காதீர்கள். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக்கான ஆட்கள் எடுப்பார்கள். மனம் விட்டுப் பேச உதவும் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பின் எண் 116 123, எந்நேரமும், இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பல பல்கலைக்கழகங்களில் நைட்லைன் இருக்கிறது. 1970-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ராத்திரி முழுக்க மாணவர்களே போனை எடுத்துக் கேட்பார்கள். அறிவுரை சொல்லவே மாட்டார்கள், நம் சொந்தக்காரர்கள் மாதிரி இல்லை.

எனக்கு ஏற்கெனவே ஒரு குறைபாடு / நோய் இருக்கிறது. மறைப்பது நல்லதுதானே?

இல்லை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதருவது பல்கலைக்கழகத்தின் கடமை. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, மேடைப் பேச்சுக்குப் பதிலாக வேறு வகைத் தேர்வு என்று இருக்கலாம். நீண்ட கால மனச்சோர்வு, பதற்றம், டிஸ்லெக்சியா, சர்க்கரை நோய் போன்றவையும் இதில் வரலாம். குடிவரவுத் துறையிடமிருந்து இதனால் உங்களுக்குப் பிரச்சினை ஒன்றும் வராது.

பிரிஸ்டல் பல்கலைக்கழக வழக்கு பற்றி இங்கே பலரும் பேசுவார்கள். கூட்டத்தின் முன் பேசுவதில் கடும் பதற்றம் கொண்டிருந்த இயற்பியல் மாணவி ஒருவர், 2018-இல் வாய்மொழித் தேர்வு இருந்த நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தத் தேர்வு முறையை மாற்றித்தராதது சமத்துவச் சட்டத்தை மீறியது என்று 2022-இல் கவுன்டி நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டை 2024-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவருடைய சிரமம் துறையினருக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் அந்த வழக்கின் முக்கியமான புள்ளி. தெரிவித்துவிட்டால் அப்புறம் "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது.

அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. விசாவுக்கு ஆபத்தா?

ஆகலாம். உங்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம்தான் ஸ்பான்சர். நீங்கள் படிப்பில் ஈடுபடவில்லை என்றால் உள்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. அந்தக் கட்டத்துக்கு முன்னால் எச்சரிக்கை மெயில்கள் வரும், டியூட்டரைப் பார்க்கச் சொல்லுவார்கள். பயத்தில் அந்த மெயில்களைத் திறக்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டப்படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். முதுகலை மாணவருக்குக் கோடையில் டிசர்டேஷன் எழுதும் மாதங்களும் பொதுவாகப் படிப்புக் காலம்தான், விடுமுறை அல்ல. சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்வது சுயதொழில், மாணவர் விசாவில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது.

கொஞ்ச நாள் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டு வரலாமா?

இரண்டு மூன்று வாரம் என்றால் அனுமதி வாங்கிவிட்டுப் போகலாம். பொதுவாக 60 நாளைத் தாண்டினால் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொள்வார்கள், விசா சுருக்கப்படும். திரும்பி வரப் புதிய விசா, புதிய செலவு. டியூட்டர் நல்ல மனசோடு "ஒரு வருடம் ஓய்வெடுத்துவிட்டு வா" என்பார். அது உள்ளூர் மாணவருக்கான யோசனை. அவருக்கு விசா விதி தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் விசா பிரிவில் கேட்டே ஆகவேண்டும்.

பணக் கஷ்டம்?

ஹார்ட்ஷிப் ஃபண்ட் என்று ஒன்று உண்டு, வெளிநாட்டு மாணவருக்கும் பல இடங்களில் திறந்திருக்கும். அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது என்று விசாவில் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தருவது அந்தக் கணக்கில் வராது. கல்விக் கட்டணத்துக்கு அது உதவாது. எதிர்பாராமல் வந்த செலவுக்குத்தான். மூன்று மாத வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள்.

அப்பா நேராக டியூட்டருக்குப் போன் செய்து பேசினால்?

"உங்கள் மகன் இங்கே படிக்கிறானா என்பதையே சொல்ல இயலாது" என்று பதில் வரும். பணம் கட்டுபவர் அப்பாதான் என்றாலும். ஒரு காலத்தில் இங்கேயும் பல்கலைக்கழகம் பெற்றோர் இடத்தில் நின்றது. 1970-இல் சட்டப்படி மேஜராகும் வயதை 21-லிருந்து 18 ஆக்கியதோடு அது போய்விட்டது. நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பேசுவார்கள். பதிவு செய்யும்போது அவசரத் தொடர்புக்கு யார் என்று கேட்பார்கள். ஊரில் ஒருவர், இந்த நாட்டில் ஒருவர் என்று கொடுத்துவைப்பது நல்லது. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு தூரத்துச் சித்தப்பா இருப்பாரே, அவர் எண்ணைக் கொடுங்கள்.

டியூட்டர் பதிலே போடுவதில்லை.

ஒரு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால் துறை அலுவலகத்துக்கோ சீனியர் டியூட்டருக்கோ எழுதுங்கள். ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம், காரணம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

காப்பி அடித்ததாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. டியூட்டரிடம்தானே போகவேண்டும்?

அவருக்குச் சொல்லுங்கள், ஆனால் முதலில் போகவேண்டியது ஸ்டூடன்ட்ஸ் யூனியனின் ஆலோசனைப் பிரிவுக்கு. அவர்கள் பல்கலைக்கழகத்தின் சம்பளக்காரர்கள் இல்லை. விசாரணைக்கு உங்களோடு வந்து பக்கத்தில் உட்காருவார்கள். எல்லா மேல்முறையீடும் முடிந்தும் அநியாயம் என்று தோன்றினால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓ.ஐ.ஏ. என்கிற சுயேச்சையான முறையீட்டு அமைப்பு இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் இறுதி முடிவைக் கடிதமாகக் கொடுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போகலாம். மாணவருக்குக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் அதற்கு வேறு அமைப்பு.

வேலைக்கு ரெஃபரன்ஸ் கேட்கலாமா? ஊரிலிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாமா?

ரெஃபரன்ஸ் தாராளமாகக் கேட்கலாம், இரண்டு வாரம் முன்னதாக, உங்கள் சி.வி.யையும் சேர்த்து. ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காதவருக்கு அவர் என்ன எழுதுவார்? மார்க்கையும் சேர்ந்த தேதியையும்தான்.

பட்டுச் சேலை, வெள்ளி விளக்கு எல்லாம் கொடுத்துத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள், அவர்களுக்குப் பரிசு விதிகள் உண்டு. படிப்பு முடிந்து ரிசல்ட்டும் வந்த பிறகு ஒரு டப்பா இனிப்போ முறுக்கோ கொண்டுபோகலாம். நான் அம்மா செய்து அனுப்பிய அதிரசம் கொண்டுபோனேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். மாவை ஊறவைத்து, பாகு எடுத்து, இரண்டு மூன்று நாள் என்றேன். மிச்சத்தை ஒரு டிஷ்யூவில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.